சித்தப்பாவின் துக்கமும் என் ஹார்மோனும்

அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெரிய முடிவுக்கு வந்தேன். இனிமேல் என் மனைவி நமூலியோடு ஒரே அறையில் படுப்பதில்லை. ஏன் என்று கேட்டால் செர்வங்கா சித்தப்பா செத்துப்போனதைச் சொல்லிவிடுவது. அவர் செத்து மாதக்கணக்கில் ஆகிவிட்டது. அதனால் என்ன? சாவுதான் பழசு. துக்கத்தை எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம்.

உடனே என்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதீர்கள். நமூலி நல்லவள், அழகி, அவளை விட்டால் எனக்கு வேறு கதியும் இல்லை. அதனால்தான் இந்த முடிவுக்கே வந்தேன்.

நான் கம்பாலாவுக்கு வெளியே, நடேட்டேயில், மசாக்கா சாலை ஓரமாக மெத்தைக் கடை வைத்திருக்கிறேன். பெயர் லுபேகா. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். எங்களுக்கு இரட்டைப் பெண்கள் பிறந்த நாளிலிருந்து ஊருக்கே நான் சலோங்கோ, அவள் நலோங்கோ. இரட்டையரின் அப்பா, இரட்டையரின் அம்மா. எங்கள் பக்கத்தில் அது லேசுப்பட்ட பட்டம் இல்லை. ஒரே தடவையில் இரண்டு என்றால் அந்த ஆளிடம் ஏதோ விசேஷச் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். தக்காளிக்காரி முதல் டாக்ஸிக்காரன்வரை "சலோங்கோ!" என்று கூப்பிடும்போது குரலில் ஒரு தனி மரியாதை தெரியும். வியாபாரத்துக்கும் அது நல்லது. கல்யாணம் ஆன புதுப் பையன்கள் மூன்று கடை தாண்டி என்னிடம்தான் மெத்தை வாங்க வருவார்கள்.

அப்படிப்பட்ட எனக்குக் கொரோனா வந்தது. இரண்டாவது அலையில் ஊரே இருமிக்கொண்டிருந்தபோது நானும் இருமினேன். நமூலி யூகலிப்டஸ் இலையையும் எலுமிச்சையையும் கொதிக்கவைத்து, என்னைப் போர்வைக்குள் போட்டு, வேளாவேளைக்கு வேகவைத்தாள். பிழைத்துக்கொண்டேன். ஆனால் எழுந்து வந்தவன் பழைய ஆள் இல்லை. கடையில் நான்கு மெத்தையைத் தூக்கி அடுக்கினால் ஐந்தாவதன் மேல் படுத்துவிடுவேன். வாடிக்கையாளர்கள் ஏதோ விளம்பரம் என்று நினைத்து, "எவ்வளவு சுகமா தூங்கறாரு பாரு" என்று வாங்கிக்கொண்டு போனார்கள். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. வீட்டில்தான் நடக்கவில்லை. நமூலி பக்கத்தில் வந்து படுத்தால் எனக்குத் தூக்கம் வந்தது. தூக்கம் மட்டும்தான் வந்தது.

கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் அச்செங் என்று ஒரு சின்ன வயதுப் பெண். ரத்தம் எடுத்தார். மறுபடி வரச் சொன்னார். போனேன்.

"உங்க உடம்புல டெஸ்டோஸ்டிரோன் கம்மியா இருக்கு. ஆம்பளைங்க ஹார்மோன்."

"எங்க போச்சு டாக்டர்?"

"எங்கயும் போகல. உண்டாகறது குறைஞ்சிருக்கு. கிருமியோட சண்டை போடறப்ப உடம்பு இந்த வேலையைத் தள்ளி வெச்சிடும். ஹார்மோன் உண்டாகிற இடத்துலயே அந்தக் கிருமி கை வெச்சிருக்கலாம்னும் சொல்றாங்க. இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க. கொரோனா வந்த ஆம்பளைங்க நிறையப் பேருக்கு இப்படி ஆகியிருக்கு."

"திரும்பி வருமா?"

"நிறையப் பேருக்குச் சில மாசத்துல தானா ஏறிடுது. சிலருக்கு நாளாகுது. நல்லா சாப்பிடுங்க, நடங்க, தூங்குங்க. பியரைக் குறைங்க. அப்புறம், வீட்டுல சொல்லிடுங்க."

"என்னன்னு?"

"இதைத்தான்."

"டாக்டர், நான் சலோங்கோ."

"தெரியும். நர்ஸ் ரெண்டு தடவை சொன்னாங்க. சலோங்கோவுக்கும் ஹார்மோன் குறையும்."

சொல்வது அவருக்குச் சுலபம். என் வீட்டு நிலவரம் அவருக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷனிடம் பேசும்போது மண்டியிட்டுப் பேசுவார்கள். நமூலியும் அப்படித்தான். காலையில் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மண்டியிட்டு, தலையைக் குனிந்து, "சலோங்கோ, இன்னைக்கு நீங்க கூரைமேல ஏறி ஓட்டையை அடைக்கிறீங்க" என்பாள். நான் ஏறுவேன். நின்றுகொண்டு அதிகாரம் செய்பவளை எதிர்த்துப் பேசலாம். மண்டியிட்டு அதிகாரம் செய்பவளை என்ன செய்வது? கல்யாணமான நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவளைக்கூடச் சமாளித்துவிடலாம். அவளுக்குப் பின்னால் செங்கா இருக்கிறாள். செங்கா என்றால் பெண்ணின் அப்பாவுடைய தங்கை. கல்யாணத்துக்கு முன்னால் படுக்கையறை விவகாரத்தை எல்லாம் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு அதில் கோளாறு வந்தால் புகார் போவதும் அவளிடம்தான். நமூலியின் செங்கா மசாக்காவில் இருக்கிறாள். தாழ்ந்த குரலில் பேசும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. விஷயம் தெரிந்தால் மூலிகை மூட்டையோடு பஸ் ஏறுவாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் எல்லாம் எதற்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே வருவாள். நடேட்டேயில் நான் இறங்கு முகம் என்பது மசாக்காவிலிருந்து வரும் வழியெல்லாம் பரவிவிடும்.

முதலில் முலோண்டோவை முயற்சி செய்தேன். அது ஒரு வேர். மென்றால் ஆண்மை பெருகும் என்று டாக்ஸி நிலையத்தில் கூவிக் கூவி விற்பார்கள். எல்லாரும் வாங்கலாம், நான் வாங்க முடியாது. சலோங்கோ முலோண்டோ வாங்குகிறான் என்றால் அப்புறம் கடையில் யார் மெத்தை வாங்குவார்கள்? அதனால் ஊரைத் தாண்டி முகோனோவரை பஸ்ஸில் போனேன். தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டேன். முகத்தில் மாஸ்க் வேறு. வேர் விற்பவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அடடே, சலோங்கோ! உங்ககிட்டதான் மெத்தை வாங்கினேன். இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

"ஒரு சிநேகிதனுக்கு."

"பாவம். பெரிய கட்டா குடுக்கறேன், சிநேகிதனுக்கு."

திரும்பும் வழியெல்லாம் சிநேகிதனுக்காக நானே மென்றேன். ஏப்பம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. முலோண்டோவின் வாசனையை ஒளித்து வைக்க முடியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் நமூலி மூக்கை உறிஞ்சினாள்.

"யாரோ முலோண்டோ மென்னிருக்காங்க."

"பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தவன்."

"பாவம், அவன் பொண்டாட்டி" என்றாள்.

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தப் பொண்டாட்டி நீதான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் காலை பல் தேய்க்கும்போதுதான் செர்வங்கா சித்தப்பா நினைவுக்கு வந்தார்.

சித்தப்பா ஜூன் மாதம் செத்தார். கொரோனாவில் இல்லை, வயதாகித்தான். புதைத்தது பத்துப் பதினைந்து பேர். அதற்கு அப்புறம் செய்யவேண்டிய ஒலும்பே நடக்கவில்லை. ஒலும்பே என்பது குலத்தார் எல்லாரும் கூடி, சாவை வீட்டைவிட்டு விரட்டி, செத்தவருக்கு வாரிசு நிறுத்தும் சடங்கு. அது ஆகும்வரை துக்கம் முடிந்ததாகக் கணக்கில்லை. பழைய வழக்கப்படி அதுவரை சொந்தக்காரர்கள் மனைவியிடமிருந்து விலகியிருக்க வேண்டும். இந்தக் காலத்தில் அதை யாரும் கடைப்பிடிப்பதில்லை. ஆனால் வழக்கம் வழக்கம்தானே! அரசாங்கமோ கூட்டம் கூடக்கூடாது என்று தடை போட்டிருந்தது. தடை நீங்கும்வரை ஒலும்பே இல்லை. ஒலும்பே ஆகும்வரை நான் தப்பித்தேன். அதற்குள் ஹார்மோன் வந்துவிடும். இவ்வளவு யோசித்த எனக்கு என்மேலேயே பெருமையாக இருந்தது.

"நலோங்கோ, உன்கிட்ட ஒரு முக்கியமான விஷயம்."

அவள் உடனே மண்டியிட்டாள். எனக்குப் பாதித் தைரியம் போய்விட்டது.

"சொல்லுங்க."

"செர்வங்கா சித்தப்பா செத்துட்டாரு."

"தெரியுமே. ஜூன் மாசம். நான்தான் அழுதேன். நீங்க மாஸ்க்கைத் தேடிட்டு இருந்தீங்க."

"ஒலும்பே இன்னும் ஆகல."

"எப்படி ஆகும்? தடை போட்டிருக்காங்களே."

"அதான் சொல்ல வரேன். ஒலும்பே ஆகிறவரைக்கும் எங்க குலத்துல ஆம்பளைங்க பொண்டாட்டியோட படுக்கக்கூடாது."

"அது செத்தவரோட பிள்ளைங்களுக்குத்தானே?"

"அண்ணன் பிள்ளையும் பிள்ளைதான்."

"அவரோட சொந்தப் பிள்ளை கட்டெண்டேயோட பொண்டாட்டி இப்பதான் முழுகாம இருக்கா."

"அவன் வழக்கம் தெரியாதவன்."

"அப்ப ஜூன்ல இருந்து இதுவரைக்கும் நாம ஒரே கட்டில்ல..."

"எனக்கு மறந்துபோச்சு. நேத்து சித்தப்பா கனவுல வந்து ஞாபகப்படுத்தினாரு."

"என்ன சொன்னாரு?"

"கூடத்துல படுன்னாரு."

"எந்த மெத்தைன்னு சொன்னாரா?"

"நாலு அங்குலம்" என்றேன், யோசிக்காமல்.

அவள் எழுந்துபோய்க் கூடத்தில் நாலு அங்குல மெத்தையைப் போட்டு, விரிப்பை இழுத்துச் சொருகி, கொசுவலையும் கட்டிக்கொடுத்தாள். ஒரு வார்த்தை சண்டை இல்லை. இவ்வளவு சுலபமாக ஜெயித்துவிட்டோமே என்று எனக்கு ஆச்சரியம்.

அந்தச் சமயத்தில்தான் அவள் சோப்பை மாற்றினாள். தலையைப் புதுவிதமாகப் பின்னிக்கொண்டாள். சாயங்காலம் நான் கடையை மூடிவிட்டு வந்தால் நல்ல கோமேசியை, அந்தத் தோள் தூக்கிய பட்டுத் துணியை, வேலை நாளிலேயே உடுத்திக்கொண்டு, வாழைக்காயை அவித்து மசித்த மடோக்கேயை எனக்குப் பரிமாறினாள். "இன்னைக்கு என்ன விசேஷம்? எதுக்கு வீண் செலவு?" என்று கேட்டேன். அவள் நிலக்கடலைக் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள். அப்படிக் கேட்ட என் வாயை இப்போது நினைத்தாலும் எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

கொஞ்ச நாளில் சோப்பு பழையபடி பழைய சோப்பு ஆனது. கோமேசி பெட்டிக்குள் போயிற்று. அவளுடைய முகம் மட்டும் தெளிந்துவிட்டது. பாட்டுக்கூட முணுமுணுத்தாள். பழகிவிட்டாள் என்று நினைத்து நான் நிம்மதியாகக் கூடத்தில் நீட்டிப் படுத்தேன்.

பிறகு ஒரு நாள் டீயோடு வந்து மண்டியிட்டாள்.

"சலோங்கோ, ரேடியோல சொன்னாங்க. தடையைத் தளர்த்திட்டாங்களாம். இருநூறு பேர்வரைக்கும் கூடலாமாம்."

டீக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அதனால?"

"உங்க பெரியப்பா முவாங்காகிட்ட பேசிட்டேன். ஒலும்பேக்கு நாள் குறிச்சாச்சு."

"எங்க குல விஷயத்துல நீ எதுக்கு?"

"நீங்க தினம் கூடத்துல கிடந்து கஷ்டப்படறதை என்னால பார்க்க முடியல. அதான்."

"எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. மழைக்காலம் வேற. மித்யானா ரோடெல்லாம் சேறா இருக்கும்."

"லாரிக்குச் சொல்லிட்டேன்."

"அவ்வளவு பேருக்கு மடோக்கே?"

"வாழைத்தார் வெட்டியாச்சு."

"கட்டெண்டே ஒத்துக்கணுமே. செத்தது அவன் அப்பா."

"அவர்தான் மாடு தராரு."

மழையை எதிர்பார்த்தேன், தினமும் வெயில் கொளுத்தியது. சித்தப்பா மறுபடி கனவில் வந்ததாகச் சொல்லிப் பார்த்தேன். "என்ன சொன்னாரு?" "அவசரமில்லன்னாரு." "என் கனவுலயும் வந்தாரு. சீக்கிரம் முடிங்கன்னாரு" என்றாள். செத்தவர் இரண்டு பேரிடம் இரண்டு விதமாகப் பேசினால் யாரைக் கேட்பது?

மித்யானாவில் சித்தப்பா வீட்டு முற்றம் நிறைந்திருந்தது. ஆண்கள் வெள்ளை கன்சு அங்கியில், பெண்கள் கோமேசியில். விடிந்ததும் பெரியப்பா முவாங்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். குலத்தில் மூத்தவர் அவர்தான். பறையைத் தட்டி எல்லாரையும் அமர்த்தினார். எங்கள் வழக்கத்தில் மூத்த மகன் வாரிசாவது கிடையாது. குலம் பார்த்துத் தகுந்தவன் ஒருவனை நிறுத்தும். நான் யாரையோ நிறுத்தப்போகிறார்கள் என்று பின்வரிசையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன்.

"இந்தக் காலத்துல துக்கம்னா என்னன்னு எவனுக்கும் தெரியல" என்று ஆரம்பித்தார். "சொந்தப் பிள்ளைங்களே அப்பனைப் புதைச்ச கையோட பொண்டாட்டிகிட்ட போயிட்டானுங்க." கட்டெண்டே தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி வயிற்றை மறைத்துக்கொண்டாள். "ஆனா ஒருத்தன் இருக்கான். ஒலும்பே ஆகிறவரைக்கும் கூடத்துலதான் படுப்பேன்னு படுத்தான். அவன் பொண்டாட்டியே வந்து என்கிட்ட சொன்னா. எவ்வளவு அழகான பொண்டாட்டி! எப்படி முடிஞ்சுது அவனால?"

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சாவு எப்படி ஒருவனைக் கட்டுப்படுத்துகிறது பார் என்று பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெரியப்பா, எனக்குத் தகுதி இல்ல" என்றேன். என் வாழ்க்கையிலேயே நான் சொன்ன சுத்தமான உண்மை அது.

"பார்த்தீங்களா! இந்த அடக்கம் யாருக்கு வரும்?"

மரப்பட்டைத் துணியை என் தோளில் முடிந்தார்கள். கையில் ஈட்டியும் தடியும் கொடுத்தார்கள். இனிமேல் நான் செர்வங்கா. அவருடைய பிள்ளைகள் எனக்குப் பிள்ளைகள். வீட்டுச் சண்டையானாலும் பெண்ணுக்கு வரன் பார்ப்பதானாலும் எல்லாம் என் தலையில். அவருடைய விதவைக்கு, என் சித்திக்கு, இனி நான்தான் துணை. கட்டெண்டேயின் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவன்தான் பலமாகக் கை தட்டினான்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. கேட்டதுமே ஈட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். செங்கா. மசாக்காவிலிருந்து வந்திருந்தாள், மடியில் ஒரு மூட்டையோடு.

"மாப்பிள்ளை! துக்கம் முடிஞ்சுது பாருங்க! இனிமே என் பொண்ணு தலைகாணியைக் கட்டிக்கிட்டுப் படுக்க வேண்டியதில்ல!"

முற்றமே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார். பெண்கள் குலவையிட்டார்கள். நான் ஈட்டியை ஊன்றிக்கொண்டு, நடப்பது மாதிரி ஓடி, வீட்டுக்குப் பின்னால் இருந்த வாழைத்தோட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

நமூலி தேடிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை மண்டியிடவில்லை. பக்கத்தில் வாழைச்சருகின் மேல் உட்கார்ந்தாள்.

"வாரிசு எதுக்கு ஒளிஞ்சுக்கிட்டு இருக்காரு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கையில் ஈட்டி வைத்துக்கொண்டு அழுதேன்.

"நலோங்கோ, என் ஹார்மோன் இறங்கிப்போச்சு. கொரோனாவுக்கு அப்புறம். டாக்டர் சொன்னாங்க. நான் இப்ப முன்ன மாதிரி இல்ல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ரேடியோல ஒரு டாக்டர் பேசினாரு. கொரோனா வந்த ஆம்பளைங்களுக்கு இப்படி ஆகுதாம், பெரும்பாலும் தானா சரியாகுமாம். வாழைக்காய் மார்க்கெட்ல எல்லாப் பொம்பளைங்களும் கேட்டோம். கேட்டுட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்."

"எதுக்கு?"

"கோழிக்கடை முலிண்ட்வா ஏன் தனியாப் படுக்கறாரு?"

"முதுகுவலின்னான்."

"பாஸ்டர் கியெயூனே?"

"நாப்பது நாள் உபவாசம்."

"மூணாவது நாப்பது ஓடுது. எதிர்வீட்டு வாத்தியார்?"

"பள்ளிக்கூடத்துக்கு ராத்திரிக் காவல் போறாரு."

"பள்ளிக்கூடமே மூடிக் கிடக்கு, சலோங்கோ. எதைக் காக்கறாரு? எல்லாரும் ஏதோ ஒண்ணைச் சொன்னாங்க. உங்களுக்கு மட்டும்தான் பிணம் தேவைப்பட்டுது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. "தெரிஞ்சும் ஏன் கேக்கல?" என்றேன்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். சொல்லல. சரி, சாக்கை எடுத்துட்டா சொல்லுவீங்கன்னு ஒலும்பேயை வெச்சேன்." கீழே கிடந்த சருகை எடுத்துக் கிழித்துக்கொண்டே இருந்தாள். "ரேடியோ கேக்கறதுக்கு முன்னாடி நான் என்ன நினைச்சேன் தெரியுமா? உங்களுக்கு வேற ஒருத்தி இருக்கான்னு நினைச்சேன். சோப்பை மாத்தினேன். முடியைப் பின்னினேன். நீங்க எதுக்கு வீண் செலவுன்னீங்க. அன்னைக்கு நான் சமையல்கட்டுல உட்கார்ந்து அழுதேன். சித்தப்பாவுக்காக அழுதது அதுல பாதிகூட இருக்காது."

ஒரு ஹார்மோனுக்கு வெட்கப்பட்டு, இவளை இவ்வளவு நாள் யாரோ ஒரு இல்லாத பெண்ணோடு போட்டி போட வைத்திருக்கிறேன். டாக்டர் சொன்னபோதே வந்து நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த அழுகை இல்லை, இந்த ஈட்டியும் இல்லை. மன்னித்துவிடு என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

"மூட்டையில செங்கா என்ன கொண்டுவந்திருக்காங்க?" என்று பயத்தோடு கேட்டேன்.

"உலர்ந்த மீனு. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் யார்கிட்டயும் சொல்லல." என் தோளில் நழுவிய மரப்பட்டைத் துணியைச் சரியாக முடிந்துவிட்டாள். "இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அந்த மெத்தையைச் சுருட்டிடுங்க. அறைக்கு வாங்க. சும்மா படுத்துக்கிட்டுப் பேசிட்டு இருக்கலாம். எனக்கு அது போதும்."

இந்த இடத்தில் நான் எழுந்து நன்றி சொல்லி அவள் பின்னால் போயிருக்க வேண்டும். எந்த முட்டாளும் போயிருப்பான். ஆனால் என் தோளில் மரப்பட்டைத் துணி, கையில் ஈட்டி. காலையிலிருந்து எல்லாரும் என் கட்டுப்பாட்டைப் புகழ்ந்ததில் எனக்கும் அது கொஞ்சம் நிஜம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"இல்ல நலோங்கோ. டாக்டர் மறுபடி ரத்தம் பார்க்கறேன்னிருக்காங்க. ஹார்மோன் எண் ஏறட்டும். முழுசா சலோங்கோவா திரும்பி வரேன்."

"எண்ணை யாரு கேட்டா?"

"எனக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல?"

அவள் சருகைக் கீழே போட்டாள். "சரி, உங்க இஷ்டம்" என்றாள். அந்தக் குரலை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் சில மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டேன். தினம் நடந்தேன். பியர்க்கடை வழியாகப் போவதையே விட்டேன். கடையில் ஐந்தாவது மெத்தைக்கு அப்புறமும் நிற்க முடிந்தது. ஆறாவதையும் தூக்கினேன். நமூலி இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். "எண்" என்றேன். மூன்றாவது தடவை அவள் கூப்பிடவில்லை.

மறுபடி ரத்தம் கொடுத்து, முடிவு தெரிந்துகொள்ளக் கிளினிக்குக்குக் கிளம்பிய அன்று காலை, நமூலி டீயோடு வந்தாள்.

"மித்யானாவுல இருந்து சித்தி இன்னைக்கு வராங்க. கட்டெண்டே வீட்டுல குழந்தை பிறக்கப்போகுது, இடமில்லையாம். நம்மகூடதான் இனிமே. பிள்ளைங்க அறையில உங்க கடைச் சரக்குக்கு நடுவுல பொண்ணுங்க ரெண்டு பேருமே நெருக்கியடிச்சுப் படுக்கறாங்க. எங்க படுக்க வைக்கிறது?"

என் மனசெல்லாம் எண்ணில் இருந்தது. "நான் வாரிசு. என் வீட்டுல என் சித்திக்கு இல்லாத இடமா? உனக்கு எது வசதியோ அங்க படுக்க வை" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

டாக்டர் அச்செங் என்னைப் பார்த்ததும் சிரித்தார். ஏறிவிட்டது. உங்கள் வயசுக்கு நல்ல அளவு, இனி கவலை இல்லை என்றார். நர்ஸ் கை குலுக்கினாள். நான் தெருவுக்கு வந்து, முதலில் பார்த்த கடையில் பெரிய பலாப்பழம் ஒன்று வாங்கி, டாக்ஸிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அதைத் தோளில் தூக்கிக்கொண்டே நடந்து வந்தேன். வழியில் எல்லாரும் "சலோங்கோ!" என்றார்கள். ஒவ்வொருவருக்கும் கை தூக்கிப் பதில் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தப் பெயருக்கு நானே சொந்தக்காரன் என்று இருந்தது.

மதியம் சாப்பாடு முடிந்து வீடு அமைதியாக இருந்தது. நமூலி வாசலில் பாயைப் போட்டு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நலோங்கோ! எண் ஏறிடுச்சு!"

"கடவுளுக்கு ஸ்தோத்திரம்" என்றாள். அவள் கண் நிஜமாகவே மலர்ந்தது. எழுந்து வந்து என் கன்னத்தைத் தொட்டாள். பலாப்பழத்தை இறக்கி வைத்தாள்.

"கூடத்து மெத்தையைச் சுருட்டிடறேன். இன்னைக்கே அறைக்கு வந்துடறேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். போய் அறைவாசல் திரையை விலக்கிக் காட்டினாள். கட்டிலில் நான் படுக்கும் பக்கத்தில், என் தலைகாணியில், என் கொசுவலைக்குள், சித்தி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தரையில் அவருடைய பெட்டி, செருப்பு, பிரார்த்தனைப் புத்தகம் எல்லாம் வரிசையாகக் குடியேறியிருந்தன.

"இவங்க இங்க எத்தனை நாளைக்கு?" என்று கிசுகிசுத்தேன்.

"நாப்பது வருஷமா பக்கத்துல ஆள் இருந்து பழகிட்டாங்க. தனியாப் படுத்தா அவங்களுக்குத் தூக்கம் வராதாம். சாப்பிட்டதும் நான் கூடப் படுத்தேன், சித்தப்பா செத்ததுல இருந்து இன்னைக்குத்தான் நல்லாத் தூக்கம் வருதுன்னு சொல்லிட்டே தூங்கிட்டாங்க. பாவம்."

"அப்ப நான்?"

நமூலி திரையை மெதுவாக மூடினாள்.

"வாரிசு நீங்கதானே, சலோங்கோ. நீங்களே போய் எழுப்பி, எதுக்குன்னும் சொல்லிடுங்க."